வாசலில் இல்லாத சப்பாத்து

அக்காவின் வாயில் எப்போதும் பின் இருக்கும். ஐந்தாறு சேப்டி பின்களை உதடுகளுக்கு நடுவே கடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தோளில் சேலை மடிப்பை விரல்களால் நீவிக்கொண்டிருப்பார். சுற்றி நிற்கும் மாமிமாருக்கும் சித்திமாருக்கும் சும்மா நிற்க முடியாது. விசாரிப்பார்கள்.

"நீங்கள் எங்கை இருக்கிறியள்?"

"கார்ஜ்."

பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகர், பின் விழாமல் சொல்லக்கூடிய பெயர்.

"வீட்டிலை ஆரார் இருக்கினம்?"

இதற்கு மட்டும் அக்கா தன் வாயைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டுவார். பின் இருக்கிறது, இப்போது கதைக்க ஏலாது. கேட்டவர் பலகாரத் தட்டுப் பக்கம் திரும்பிய பிறகு பார்த்தால் பின்கள் எல்லாம் சேலைக்குள் போயிருக்கும். வாய் வெறுமையாக இருக்கும்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு புடவைக் கடையில் அவருக்கு வேலை. சனி ஞாயிறுகளில் பொம்பிளை வெளிக்கிடுத்துவார். அதாவது கல்யாணப் பெண்களுக்கும் வயதுக்கு வந்த சாமத்தியவீட்டுப் பிள்ளைகளுக்கும் சேலை உடுத்தி, நகை பூட்டி, மண்டபத்துக்குள் அனுப்புவார். அந்தத் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "பின் வெளியிலை தெரியக்கூடாது, பிள்ளை. தெரிஞ்சால் அது சாறி இல்லை, மூட்டை." பாரிஸைச் சுற்றி எத்தனையோ குடும்பங்களின் அல்பங்களில் அவர் உடுத்திவிட்ட சேலைகள் இருக்கின்றன. ஒன்றில்கூட அவர் இல்லை. கமெரா திரும்பும்போது பெண்ணின் முதுகுக்குப் பின்னால் குனிந்துவிடுவார்.

நான் அவரைச் சந்தித்தது என் பெரியம்மா மகளின் கல்யாணத்தில். நான் தோழிப்பெண். அப்போதுதான் சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தேன். உலகத்து அநியாயங்களை எல்லாம் பட்டம் வாங்குவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று நினைத்திருந்த காலம். சேலை உடுத்தும்போதும் ஒரு கையில் போன், ஒரு காலில் நிற்பது, அடிக்கொருதரம் திரும்பி யாருக்காவது பதில் சொல்வது.

"பிள்ளை, ஆடாதை."

பின்களுக்கு ஊடாக வந்த குரல். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். "ஆடாதை எண்டனான் எல்லே."

அன்றுதான் அந்த அண்ணையையும் பார்த்தேன். மெலிந்த மனிதர், நன்றாக அழுத்திய சட்டை. அக்காவின் பெட்டியைத் தூக்கிவந்து அறை வாசலில் வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்துப் பக்கம் போனார்.

"அது ஆர், அக்கா?"

"தெரிஞ்ச அண்ணை ஒராள். பெட்டி தூக்கித் தாறவர்." உடனே வாய்க்குள் பின்.

அடுத்த மாதம் அக்கா என்னைத் தேடி வந்தார். ஒபர்வில்லியேயில் ஒரு சின்னச் சங்கத்தில் புதன் மாலைகளில் நான் மேசை போட்டு உட்காருவேன். பிரெஞ்சுக் கடிதம் விளங்காதவர்கள், எங்கே எதைக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் வருவார்கள். அக்கா எல்லோரும் போகும்வரை சுவரோடு நின்றார். நான் கதவைப் பூட்டப் போகும்போதுதான் கதிரையில் இருந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு ஒரு விசயம் கேக்கவேணும்."

"சொல்லுங்கோ."

"அந்தப் பிள்ளை பிரெஞ்சு நசனாலிட்டி எடுத்திட்டா. அவவோடை ஒராள் இருக்கிறார். அவருக்கு விசா இல்லை, அகதிக் கேஸ் எல்லாம் றிஜெக்ட். இவவாலை அவருக்கு விசா எடுத்துக் குடுக்கலாமோ?"

"கலியாணம் கட்டினவையோ?"

"இல்லை."

"கட்டலாம்தானே?"

"ஏலாது. அவவுக்கு முதல் ஒரு கலியாணம் கிடக்கு. மன்னாரிலை, மாதா கோயில்லை. அந்தாள் இப்ப கனடாவிலை வேறை குடும்பம்."

"டிவோர்ஸ்?"

"எடுக்கமாட்டா."

"எத்தினை வருசமா ஒண்டா இருக்கினம்?"

"எட்டு."

"அந்த அக்கா எவடத்திலை இருக்கிறா?"

"கார்ஜ்," என்றார். சொன்ன பிறகுதான் கையை வாய்க்குக் கொண்டுபோனார். பின் இல்லை.

எட்டு வருடம் என்றதும் நான் எழும்பியே விட்டேன். எங்கள் ஆட்கள் விசா என்று சொல்வது வதிவிட அனுமதியை. கல்யாணம் இல்லாவிட்டாலும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒருவரோடு நெடுநாள் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்வதை நிரூபித்தால் பிரிபெக்சர், அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகம், அதைத் தரலாம். தரத்தான் வேண்டும் என்றில்லை, தரலாம். முதலில் ஒரு வருட அனுமதிக் காட். அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஒரு நாள் பத்து வருடக் காட். அதற்குப் பிறகு கார் து நோர் ஸ்டேசன் படிகளில் பொலிஸைக் கண்டால் திரும்பி ஓடவேண்டியதில்லை. ஊரில் தாய் செத்தால் போய்வரலாம். அந்தப் பெட்டி தூக்கிய அண்ணையின் தாய்க்கு அப்போது உடம்பு சரியில்லை.

சேர்ந்து இருக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளே ஆன சோடிகளின் விண்ணப்பக் கோவைகளே என் மேசையில் தலையணைத் தடிப்பில் கிடந்தன. எட்டு வருடம் என்றால் மூட்டையாக வரும் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரின்ரை பேரிலையும் வாற கரண்ட் பில் கொண்டாங்கோ."

"என்ரை பேர் மட்டும்தான்."

"வீட்டு ஒப்பந்தம்?"

"என்ரை பேர்."

"தபால்பெட்டியிலை அவரின்ரை பேர் இருக்குத்தானே?"

"ஏன் பிள்ளை அதிலை போட? போறவாற சனம் எல்லாம் வாசிக்கும்."

அண்ணைக்கு வரும் கடிதங்கள் எல்லாம் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் விலாசத்துக்கு வந்தன. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்கள். மருத்துவக் காட்டில் இருந்ததும் அந்தக் கடை விலாசம்தான். அரசாங்கத்தின் கண்ணில் அந்த மனிதர் எட்டு வருடமாக அரிசிமூட்டைகளுக்கு நடுவே படுத்து எழும்பியிருக்கிறார். பக்கத்து வீட்டு மாலிநாட்டு அம்மாவிடம் சாட்சிக் கடிதம் கேட்கலாம் என்று போனேன். நல்ல மனுசி, தேத்தண்ணி தந்தார். ஆனால் "மேடம் தனியாகத்தானே இருக்கிறா, பாவம், எவ்வளவு அமைதி" என்றார். அண்ணை லிப்ட் எடுப்பதில்லை. படியால், ஆளில்லாத நேரம் பார்த்து, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி இறங்குவார்.

இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்த தடயத்தை நான் தேடினேன். சேர்ந்து துடைத்த தடயம் மட்டும்தான் எங்கும் கிடைத்தது.

நான் அக்காவோடு சண்டை பிடிப்பதை எங்கிருந்து தொடங்கினேன் என்று கேட்டால், டிவோர்ஸிலிருந்துதான். அது கிடைத்தால் பிரச்சினை பாதி முடிந்தது, மேரியில், அதாவது நகரசபையில், கையெழுத்து வைத்துக் கட்டிவிடலாம். நான் சட்டப் புத்தகத்தோடு போய் விளக்கினேன். கனடாக்காரன் வரவே தேவையில்லை. கோயிலில் கட்டினதை மனுசர் அவிழ்க்கேலாது என்று அக்கா நின்றார், கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் நின்றேன்.

"அது வெறும் பேப்பர், அக்கா."

"வெறும் பேப்பர் எண்டால் நீ ஏன் பிள்ளை அதுக்கு இவ்வளவு ஓடித்திரியிறாய்?"

நான் சட்டப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

ஞாயிறு பூசையில் அவர் கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். எல்லோரும் நற்கருணை வாங்க வரிசையில் எழும்பும்போது, போனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விடுவார். போன் அணைந்திருக்கும். கல்யாணம் கட்டாமல் ஒருவரோடு வாழ்ந்துகொண்டு அதை வாங்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. "கடவுளிட்டைக் களவு செய்யேலாது," என்றார்.

"மனுசரிட்டைச் செய்யலாமோ?"

"மனுசருக்குத் தெரியாதே."

ஒருநாள் அவர்களோடு கார்ஜிலிருந்து பாரிஸுக்கு டி வழி ரயிலில் வந்தேன். அக்கா முன்பெட்டியில் ஏறினார். அண்ணை கடைசிப் பெட்டிக்கு நடந்தார். யாரோடு ஏறுவது என்று தெரியாமல் நான் நடுப்பெட்டியில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் வாட்ஸப்பில் கேள்வி அனுப்பினேன். கார் து நோரில் இறங்கியதும் அக்கா முன்னால் நடந்தார், அண்ணை பத்துப் பதினைந்து ஆள் பின்னால். அக்கா ஒருதரமும் திரும்பவில்லை. ஆனால் அண்ணை சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபோது, அத்தனை சனத்துக்குள்ளும், அக்காவின் நடை மெதுவானது. அதை எப்படிக் கோவையில் வைப்பது? படிவத்தின் எந்தப் பெட்டியில் அடையாளம் போடுவது?

படம் வேண்டும் என்றேன். வேறு வேறு இடங்களில் எடுத்த, இருவரும் சேர்ந்து நிற்கும் படங்கள். ஒன்றுகூட இல்லை. சரி, இனியாவது எடுப்போம் என்று ஒரு ஞாயிறு பின்னேரம் இருவரையும் லா வில்லெத் பூங்காவுக்கு இழுத்துப்போனேன்.

"கிட்ட வாங்கோ, அண்ணை."

அண்ணை ஓரடி வந்தார். அக்கா ஓரடி விலகினார்.

"அக்கா, நீங்களும்."

"நிக்கிறன்தானே."

இரண்டு பேருக்கும் நடுவே பிள்ளை வண்டி ஒன்றை நிறுத்தலாம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டேன். அண்ணைக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"அவவைக் கஷ்டப்படுத்தாதை, பிள்ளை. நான் தனிய நிக்கிறன், அவ தனிய நிக்கட்டும். கொம்பியூட்டரிலை ரெண்டையும் ஒட்டேலாதோ?"

"அது கள்ளப்படம், அண்ணை. பிடிச்சால் எல்லாம் போச்சு."

"உண்மையா ஒரு வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை படம் எப்பிடிக் கள்ளப்படம்?"

அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். எங்களுக்குத் தெரியாமல் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு.

பிறகு ஒரு படம் கிடைத்தது. பெரியம்மா மகளின் கல்யாண அல்பத்தில், பெண் சோடிக்கும் அறையில் எடுத்தது. முன்னால் மணப்பெண். பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள், கொஞ்சம் மங்கலாக, அக்கா குனிந்து நிற்கிறார், ஒரு கையைப் பின்னால் நீட்டியிருக்கிறார். எப்போதோ திரும்பி வந்து வாசலில் நிற்கும் அண்ணை, கேளாமலே, அந்தக் கையில் ஒரு பின்னை வைக்கிறார். நான் அதைப் பெரிதாக்கி அச்சடித்து, கோவையின் முதல் பக்கத்தில் வைத்தேன். எந்தக் கல்லும் கரையும் என்று நினைத்தேன்.

கோவையைக் கொடுத்தோம். பிறகு மாதக்கணக்கில் சத்தமில்லை. சில வேளை பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்க்கும், சொல்லாமல்தான் வரும் என்று நான் அக்காவிடம் சொல்லிவைத்திருந்தேன். "ஒண்டையும் ஒளிக்காதையுங்கோ. அண்ணையின்ரை சப்பாத்து வாசலிலை இருக்கவேணும். சவரம் செய்யிற சாமான் பாத்றூமிலை இருக்கவேணும். சட்டை கொடியிலை காயவேணும்."

"ஓம், பிள்ளை."

"மறக்கமாட்டியள்தானே?"

"ஓம் எண்டனான் எல்லே."

மே மாதம் வந்தது. அந்த மாதம் எங்கள் கத்தோலிக்கச் சனம் மாதாவின் சொரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லும். அக்காவின் வீட்டு முறை ஒரு வியாழக்கிழமை பின்னேரம். மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பூ வைத்து, மெழுகுதிரி எடுத்து வைத்திருந்தார். கீழ்வாசல் மணி அடித்தது. அந்தக் கட்டடத்தில் அது மணி மட்டும்தான் அடிக்கும், குரல் கேட்காது. அக்கா கதவு திறக்கும் பொத்தானை அமர்த்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததை இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இருவரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள், ஏனென்றால் அது எட்டு வருடமாக ஒரே மாதிரி நடந்துவந்த வேலை. அண்ணை சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மாடி மேலே ஏறிப் படியில் இருந்தார். அக்கா கொடியில் கிடந்த சட்டை, சாரம், சவரச் சாமான், கட்டிலடிச் செருப்பு எல்லாவற்றையும் சூட்கேஸுக்குள் போட்டு மூடி அலுமாரியோடு சாய்த்துவைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஒரு பெண், ஒரு ஆண். இருவரும் பொலிஸ்.

"ஐயா இருக்கிறாரா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அக்காவுக்கு வாயில் பின் இருப்பதுபோல ஆகிவிட்டது. கடைக்குப் போனார் என்று சொன்னார். அவருடைய உடுப்புகளைக் காட்டுங்கள் என்றார்கள். அக்கா போய்ச் சூட்கேஸைத் திறந்து காட்டினார். இதோ, எல்லாம் இருக்கிறது, பாருங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். அந்தப் பெண் சூட்கேஸையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார், எழுதிக்கொண்டார். மேலே படியில் அண்ணை சப்பாத்தை மடியில் வைத்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் இறங்கி வந்திருக்கலாமே, அண்ணை," என்று நான் கத்தினேன்.

"பிரெஞ்சுச் சத்தம் கேட்டுது. பொலிசெண்டு விளங்கிச்சுது. விசா இல்லாதவன் பொலிசைக் கண்டால் மேலைதான் பிள்ளை ஏறுவான், கீழை வரமாட்டான்."

"அக்கா, நான் எத்தினை தரம் சொன்னனான்?"

"கை தானாப் போட்டுது," என்றார் அக்கா. தன் இரண்டு கைகளையும் யாருடையவோ போலப் பார்த்தார்.

மறுப்புக் கடிதம் வந்தது. ஐயாவின் உடைமைகள் என்று சொல்லப்பட்டவை ஒரு மூடிய சூட்கேஸில் இருந்தன, வருகைக்காக அங்கே கொண்டுவரப்பட்டவைபோல் தெரிந்தன, வீட்டில் வேறு அடையாளம் இல்லை, தம்பதியாகக் காட்டும் படமும் இல்லை. ஆகவே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். எட்டு வருடமாக அந்த வீட்டிலிருந்து ஒளித்து எடுத்த சாமானை, அந்த வீட்டுக்குக் கள்ளமாகக் கொண்டுவந்த சாமான் என்று அரசாங்கம் எழுதியிருந்தது. நான் அதை லா சப்பல் மெத்ரோப் படியில் நின்று வாசித்தேன். பக்கத்தில் போன் காட் விற்கிறவர் "தங்கச்சி, உடம்பு சரியில்லையோ?" என்று கேட்டார்.

மேல்முறையீடு செய்தோம். இனி இருந்த ஒரே வழி சாட்சிகள்தான். அவர்களை ஒன்றாகப் பார்த்தவர்கள், கையால் எழுதி, அடையாள அட்டைப் பிரதியோடு தரவேண்டும். செபமாலைக் கூட்டத்தை நடத்துகிற அன்ரி வில்லியே லே பெல்லில் இருந்தார். வாய்க்காரி, எல்லோருக்கும் அவரில் கொஞ்சம் பயம். அவரிடம் அக்கா தனியாக இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று ரயிலில் போகும்போதே ஒத்திகை பார்த்தேன்.

"அன்ரி, உங்களுக்குத் தெரியாத ஒரு விசயம்."

"என்ன, அந்தாளைப் பற்றியோ?"

ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் வீணாய்ப் போனது.

"நல்ல மனுசன்," என்றார் அன்ரி. "எங்களுக்கு முதல் வருசமே தெரியும். அவள் நற்கருணை நேரம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடேக்கையே விளங்கிட்டுது. அங்கை மாதா கொண்டு போறனாங்களெல்லே, கீழை மணி அடிச்சிட்டு உடனை ஏறுறதில்லை. வாசலிலை நிண்டு செபமாலையிலை ஒரு பத்து மணி உருட்டிச் சொல்லி முடிச்சிட்டுத்தான் மேலை போவம்."

"ஏன்?"

"அவளுக்கு எடுத்து வைக்க நேரம் வேணுமே, பிள்ளை. அந்தாளுக்கும் படியேற வேணும்."

மே மாதம் அந்த மணியை அடித்தது பொலிஸ் என்று நான் சொன்னேன்.

"பொலிஸ்காரன் அப்பிடி நிண்டு சொல்லமாட்டான்தானே," என்றார் அன்ரி.

"அப்ப அதை எழுதித் தாங்கோ, அன்ரி. இதைத்தான் எழுதவேணும்."

"அது மாட்டன்."

"ஏன்?"

"எனக்குத் தெரியும் எண்டு நான் எழுதினால், எனக்குத் தெரியும் எண்டது அவளுக்குத் தெரிஞ்சிடும். பிறகு என்ரை முகத்திலை முழிப்பாளோ? பூசைக்கு வருவாளோ? நீ சட்டம் படிக்கிறாய், இது விளங்கேல்லையோ?"

அடுத்து இரண்டு வீடுகளுக்குப் போனேன். அங்கும் இதே கதை. ஐயோ பாவம், நல்ல சோடி, நாங்கள் ஒன்றும் காணவில்லை. ஒரு ஊரே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு சாட்சி இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்தில், பிரிபெக்சர்மீது எவ்வளவு, இவர்கள்மீது எவ்வளவு, அக்காமீது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நேரே கடைக்குப் போனேன். அக்கா ஒரு பொம்மைக்குக் கூறைச்சேலை உடுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, எல்லாருக்கும் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். வாயில் இருந்த பின்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"எல்லாருக்குமோ?"

"ஓம்."

"எப்பேந்து?"

"முதல் வருசத்திலையிருந்து."

பொம்மையின் தோளில் இருந்த மடிப்புக் கழன்று சரிந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"அப்ப நான் ஆருக்கு ஒளிச்சனான்?" என்றார்.

என்னிடம் கேட்டது இல்லை அது. நான் தரையில் கிடந்த சேலையைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் வாங்கி, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.

ஒக்டோபர் மாதம் மறுபடியும் மாதாவின் முறை வந்தது. என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது வெள்ளைத்துணி, பூ, மெழுகுதிரி எல்லாம் தயார். அண்ணை சோபா நுனியில், அழுத்திய சட்டையோடு, பல்லுப் பிடுங்கக் காத்திருக்கிற ஆள்போல இருந்தார்.

மணி அடித்தது. அண்ணை எழும்பிவிட்டார்.

"இருங்கோ," என்றார் அக்கா.

அவர் பல்கனிக் கதவைத் திறந்ததும் கீழே பெண்களின் குரல் கேட்டது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கிவிட்டார்கள், அக்காவுக்கு நேரம் கொடுப்பதற்காக. எட்டு வருடமாக அந்தக் கட்டடத்தில் யாரும் குரல் கேட்டறியாத மனுசி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழ்நோக்கிக் கூப்பிட்டார்.

"அன்ரி, அங்கை நிக்க வேண்டாம். நேரை மேலை வாங்கோ. அவர் வீட்டிலைதான் இருக்கிறார்."

செபம் நடுவில் நின்றது. எதிர்க் கட்டடத்தில் ஒரு யன்னல் திறந்தது.

அவர்கள் வந்தார்கள், மாதாவை வைத்தார்கள், செபமாலை சொன்னார்கள். அண்ணை சைவக்காரர், எந்த இடத்தில் எழும்புவது என்று தெரியாமல் முழுநேரமும் மெழுகுதிரியைப் பிடித்தபடி நின்றார். தேத்தண்ணி வந்த பிறகு அன்ரி கையை நீட்டினார். "பேனையைக் கொண்டா, பிள்ளை." அதற்குப் பிறகு எனக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. ஒன்றும் காணாத பெண்கள் எல்லாம் யார் முதலில் கண்டது என்று சண்டை பிடித்தார்கள்.

"நான்தான் முதல் கண்டனான். சார்செல் சந்தையிலை, ரெண்டு பேரும் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு."

"அதுக்கு முதல் நான் ரயில்லை கண்டிட்டன். வேறை வேறை பெட்டி எண்டாலும் ஆளுக்கு விளங்காதோ?"

"ஏனடி அப்ப எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அக்கா குசினி வாசலில் நின்று தேத்தண்ணித் தட்டோடு கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் உள்ளே போகவில்லை.

நீதிமன்றம் அந்தக் கடிதங்களை வாசித்தது. வெளியேறச் சொன்ன உத்தரவை நீக்கியது. காட் தரச் சொல்லவில்லை. பிரிபெக்சர் மறுபடியும் பரிசீலிக்கட்டும் என்றது. மறுபடியும் என்றால் முதலிலிருந்து. புதுக் கோவை, புது வரிசை, கையில் அடிக்கடி புதுப்பிக்கிற ஒரு தற்காலிகத் துண்டு. அதை வைத்துக்கொண்டு வெளிநாடு போய்த் திரும்ப முடியாது. அந்த மாரியில் அண்ணையின் தாய் வடமராட்சியில் செத்துப்போனார். அண்ணை செத்தவீட்டைப் போனில் பார்த்தார். அக்கா பக்கத்தில் இருந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தபால்பெட்டியில் இப்போது இரண்டு பெயர். கரண்ட் பில்லில் இரண்டு பெயர். வாசலில் அண்ணையின் சப்பாத்து, நடக்கிறவர் தடுக்கி விழும் இடத்தில். பொலிஸ் மறுபடியும் வரலாம் என்று நான் சொன்னதுதான் பிழை. அன்றிலிருந்து இருவரும் வேலை முடிந்து வந்தால் பொலிஸுக்காகக் காத்திருந்தார்கள். கொடியில் எப்போதும் ஒரு சட்டை காய்ந்துகொண்டே இருந்தது. பொலிஸ் வரவில்லை. கூரியர்காரன் வந்தான், தண்ணிக் குழாய் பார்க்கிறவன் வந்தான், கீழ்வீட்டுப் பிள்ளைகள் பந்து கேட்டு வந்தார்கள்.

நான் வேலை கிடைத்துத் துலூஸுக்குப் போவதற்கு முதல் வாரம், சொல்லாமல் ஒரு பின்னேரம் கார்ஜுக்குப் போனேன். கீழ்வாசல் திறந்து கிடந்ததால் நேரே மேலே ஏறி வீட்டு மணியை அடித்தேன். உள்ளே காலடிச் சத்தம், இரண்டு சோடிக் கால்கள், ஓடிவரும் சத்தம். கதவு திறந்தது.

இருவரும் ஒரே கதவுநிலைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அக்காவின் கை அண்ணையின் சட்டையைப் பிடித்திருந்தது. இரண்டு முகத்திலும் பொலிஸை வரவேற்கிற சிரிப்பு. என்னைக் கண்டதும் இரண்டும் ஒன்றாக வாடின.

"சீ, நீயோ, பிள்ளை," என்றார் அக்கா.

நான் அதற்குள் போனை எடுத்துவிட்டேன். கமெராவைக் கண்டதும் அக்காவின் தோள் பழக்கத்தில் பின்னால் சரிந்தது.

"அக்கா, ஆடாதையுங்கோ."

அவர் நின்றார்.